கடுகு டப்பாவில் காசு

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தைக் கடுகு டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கத்தைப் பற்றி எத்தனையோ ஹாஸ்யத் துணுக்குகள் வந்துவிட்டன. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு அது வேடிக்கையாகப் படுகிறது. யோசித்துப் பார்த்தால் அதைக் காட்டிலும் பத்திரமான இடம் வீட்டில் வேறு ஏது? பீரோவைத் திருடன் திறப்பான். மேஜை இழுப்பறையை வீட்டுக்காரர் திறப்பார். புத்தக அலமாரியைப் பிள்ளைகள் தலைகீழாக்குவார்கள். கடுகு டப்பாவைத் திறப்பவள் ஒருத்திதான்.

அதே ஐந்நூறு ரூபாய் நோட்டை அஞ்சறைப்பெட்டியில், மஞ்சள் பொடிக் கிண்ணத்துக்கு அடியில் செருகி வையுங்கள். கண்ணில் படாது, கைக்கு எட்டும், சமையலறையை விட்டு வெளியே போகாது. எல்லாம் சரிதான். என்றைக்கோ ஒரு வெள்ளிக்கிழமை, வேலை செய்யும் அம்மாள் பெட்டியைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைக்கிறாள். நோட்டு சாக்கடையோடு போகிறது. அவள் செய்தது தப்பா? அவ்வப்போது காலி செய்து மறுபடி நிரப்புவதற்குத்தானே அஞ்சறைப்பெட்டி!

இந்த வாரம் நான் சொல்ல வந்தது சமையலறை விஷயம் இல்லை. டெலிவிஷனோடு இணைத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்களே, அந்த விளையாட்டுப் பெட்டியைப் பற்றியது. ஆனால் சங்கதி என்னவோ அச்சாக இதே சங்கதிதான்.

அமெரிக்காவில் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி எக்ஸ்பாக்ஸ் என்னும் பெட்டியை 2001 நவம்பர் 15-ம் தேதி கடைக்குக் கொண்டு வந்தது. விலை 299 டாலர். கறுப்பு நிறம், நல்ல கனம், மூடியின் மேல் பெரிதாக ஓர் எக்ஸ் எழுத்து. அதற்கு முன்னால் வந்த விளையாட்டுப் பெட்டிகளில் ஆட்டத்தின் நிலவரத்தைப் பத்திரப்படுத்தச் சின்னஞ்சிறு அட்டை ஒன்றைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். எக்ஸ்பாக்ஸில் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே ஹார்ட் டிஸ்க் ஒன்றை உள்ளேயே பொருத்திவிட்டார்கள். அந்தக் காலத்துப் போட்டிப் பெட்டிகளிடையே இது பெரிய புதுமை.

டிஸ்கின் அளவு 8 கிகாபைட். சில பெட்டிகளில் 10 கிகாபைட் டிஸ்க் இருக்கும். ஆனாலும் 8-க்கு மேல் பெட்டி தொடாது. இன்றைக்கு நம் கைப்பையில் கிடக்கும் போனில் இதைப் போல் பத்து மடங்கு, இருபது மடங்கு இடம் இருக்கிறது. இருந்தாலும் அந்த 8 கிகாபைட்டை அவர்கள் பாகம் பிரித்த அழகைப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்துப் பாட்டி தோற்றாள்!

முதல் பாகத்துக்கு சி என்று பெயர். 500 மெகாபைட். பெட்டி தன் சொந்தக் காரியத்துக்கு வைத்துக்கொண்டது. பூஜை அறை மாதிரி, மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. அடுத்தது ஈ. (பறக்கிற ஈ இல்லை, ஆங்கில எழுத்து.) இதுதான் பெரிய பாகம், ஏறக்குறைய 4,880 மெகாபைட். பிள்ளைகள் ஆடிச் சேர்த்த வெற்றி, ஓட்டிய காரின் நேரக் கணக்கு, இசைத்தட்டிலிருந்து பிரதி எடுத்து வைத்த பாட்டு, எல்லாம் இங்கே போய் உட்காரும். மீதி மூன்று பாகங்களுக்கு எக்ஸ், ஒய், இஸட் என்று பெயர். ஒவ்வொன்றும் 750 மெகாபைட். இவற்றைத்தான் கேஷ் பாகங்கள் என்கிறார்கள்.

கேஷ் என்றதும் ரொக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. இது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். ஒளித்து வைப்பது என்று பொருள். கம்ப்யூட்டர்க்காரர்கள் அதைக் கொஞ்சம் மாற்றி, சட்டென்று எடுப்பதற்காகக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிரதி என்னும் பொருளில் வழங்குகிறார்கள்.

உக்கிராண அறையில் ஒரு தூக்கு நிறைய மிளகு இருக்கிறது. ரசம் கொதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் அங்கே ஓடி, தூக்கை இறக்கி, மூடியைத் திறந்தா எடுப்போம்? ஒரு பிடியை அஞ்சறைப்பெட்டியில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். எக்ஸ்பாக்ஸில் ஆட்டம் வருவது டிவிடி தட்டில். தட்டு சுழன்று, உள்ளிருக்கும் கண் தேடி, படித்துச் சொல்ல நேரமாகும். ஹார்ட் டிஸ்க் அதைவிட வேகம். ஆகவே ஆட்டமானது அடிக்கடி தேவைப்படும் சாமான்களைத் தட்டிலிருந்து எடுத்து ஒரு கேஷ் பாகத்தில் பரப்பிக்கொள்கிறது. காட்டிலிருந்து கோட்டைக்குள் நுழையும்போது திரையில் காத்திருக்கும் நேரம் அதனால் குறைகிறது.

இதிலே ஒரு விஷயம் முக்கியம். கேஷில் இருப்பதெல்லாம் பிரதி. மூலம் டிவிடி தட்டில் பத்திரமாக இருக்கிறது. அதனால் கேஷை எப்பொழுது துடைத்தாலும் யாருக்கும் நஷ்டம் கிடையாது; மறுபடி ஒரு பிடி மிளகு எடுத்துக்கொள்வது போலத்தான். பெட்டியைச் செய்தவர்கள் இதை நம்பித்தான் துடைக்கும் உரிமையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள்.

எப்படித் தாராளம் என்கிறீர்களா? கேஷ் பாகங்கள் மூன்றுதான், ஆட்டங்களோ நூற்றுக்கணக்கில். கடைசியாகக் கேஷ் கேட்ட மூன்று ஆட்டங்களுக்கு ஆளுக்கு ஒன்று. இன்ன பாகம் இன்ன ஆட்டத்துக்கு என்று பெட்டி ஒரு சிறு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. நாலாவது ஆட்டம் ஒன்று வந்து இடம் கேட்டால், மூன்றில் எது வெகு நாளாகத் தொடாமல் கிடக்கிறதோ அதை அழித்துச் சுத்தமாக்கி இந்தப் புதியவருக்குக் கொடுத்துவிடும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்தவுடன் இலையை எடுத்துவிட்டு அடுத்த பந்திக்கு இடம் போடுகிறார்களே, அந்த மாதிரி. "எடுக்கலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. திரையில் ஒரு எழுத்துக்கூட வராது.

இது இப்படியே இருந்திருந்தால் இந்தப் பத்திக்கு விஷயமே இல்லை. பெட்டியை வாங்கியவர்களுக்கு எக்ஸ், ஒய், இஸட் என்று மூன்று இருப்பதே தெரியாமல் போயிருக்கும். ஆனால் பூட்டு என்று ஒன்று இருந்தால் திறந்து பார்க்க ஆசைப்படும் மனிதர்களும் இருப்பார்களல்லவா?

மாஸசூஸெட்ஸில் எம்.ஐ.டி. என்னும் பிரசித்தி பெற்ற கலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், "பன்னி" என்று செல்லப் பெயர் கொண்டவர், 2002-ல் எக்ஸ்பாக்ஸின் ரகசியத் திறவுகோலை வெளியே எடுத்தார். உள்ளே ஒரு சில்லிலிருந்து இன்னொரு சில்லுக்குத் திறவுகோல் போகும் வழியில், தாமே செய்த ஒரு சிறு மின்பலகையைப் பொருத்தி, போகிற போக்கில் படித்துக்கொண்டார். அவ்வளவு வேகத்தில் பாயும் சமிக்ஞையை யாராலும் எட்டிப் பிடிக்க முடியாது என்பது பெட்டியைச் செய்தவர்களின் நினைப்பு. பிற்பாடு இதைப் பற்றி அவர் புத்தகம் எழுதியபோது, அமெரிக்காவின் 1998-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பயந்து ஒரு பதிப்பகம் பின்வாங்கிவிட்டது. அவர் தாமாகவே அச்சிட்டு விற்றார். 2003-ல் வந்த அந்தப் புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள்.

அப்புறம் கேட்பானேன்! உள்ளே ஒரு சில்லை வைத்துப் பற்றவைத்து மாற்றுகிறவர்கள் ஒரு பக்கம். பெட்டியைத் திறக்காமலேயே மாற்றும் வழியும் 2003-ல் வந்துவிட்டது. ஜேம்ஸ்பாண்ட் ஆட்டம் ஒன்றுக்கு, பத்திரப்படுத்திய நிலவரம் மாதிரியே வேஷம் போட்ட ஒரு பொய்க் கோப்பைத் தயார் செய்து, "இதிலிருந்து ஆட்டத்தைத் தொடர்" என்றால் போதும். அதைப் படிக்கப் போன ஆட்டம் தடுமாறி, வந்தவர் கையில் பெட்டியின் சாவியையே கொடுத்துவிடும். பிறகு கம்பெனி வைத்த முகப்புக்குப் பதிலாக இவர்களுடைய முகப்பு திரையில் வரும். அதில் சி, ஈ, எக்ஸ், ஒய், இஸட் ஐந்தும் வரிசையாக, எதிரே எவ்வளவு இடம் காலி என்னும் கணக்கோடு நிற்கும்.

திருட்டு ஆட்டங்களை ஏற்றிக்கொள்ள இந்த வித்தையைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. அந்தப் பெட்டியில் சினிமாவும் பாட்டும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று 2002-ல் சிலர் சம்பளமில்லாமல் கூடி ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார்கள். எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்று ஆரம்பித்து, எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் ஆகி, 2014-ல் கோடி என்று பெயர் மாறி, இன்று எத்தனையோ டெலிவிஷன்களில் ஓடுகிறது. உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் இருக்கும்.

சினிமா, பாட்டு, வீட்டில் எடுத்த வீடியோ என்று வந்துவிட்டால் இடம் போதுமா? ஈ பாகம் சீக்கிரமே நிரம்பிவிடும். அப்போது கண்ணில் படுவது என்ன? எக்ஸ், ஒய், இஸட். தலா 750 மெகாபைட், பெரும்பாலும் காலி! மூன்றும் சேர்ந்தால் 2,250 மெகாபைட். ஒரு சிடி தட்டில் கொள்வது 700 மெகாபைட். அந்த நாளில் வீட்டுப் படங்களைச் சுருக்கி ஒரு சிடிக்குள் அடக்குவதுதான் வழக்கம். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, ஒரு படம் ஒரு கேஷ் பாகத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆசை வராமல் என்ன செய்யும்?

வைத்தார்கள். ஒரு வாரம் இருந்தது. ஒரு மாதமும் இருந்தது. "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று தைரியம் பிறந்தது. பிறகு பையனின் சிநேகிதன் ஒருவன் புது ஆட்டத்துடன் வந்து சாயங்காலம் முழுக்க ஆடிவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் எக்ஸில் இருந்த படத்தைக் காணோம்.

பெட்டி எழுதி வைத்திருக்கும் கணக்கில் "எக்ஸ் பாகம்: இன்ன ஆட்டம்" என்று மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் கொண்டு வைத்த படத்துக்கு அங்கே பேர் இல்லை. பேர் இல்லாதவர்களுக்குப் பந்தியில் இலை இல்லை. புதிய ஆட்டம் வந்தது, எக்ஸ் வெகு நாளாகத் தொடப்படவில்லை என்று கணக்குச் சொன்னது, துடைத்தாயிற்று. ஒரு மாதம் பிழைத்திருந்தது யோகமே தவிர வேறில்லை. அந்த மாதத்தில் நாலாவது ஆட்டம் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொல்லாத குழப்பம் வேறு இருக்கிறது. கெட்டிக்காரர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆட்டங்களின் பாஷையில் கேஷுக்கு எப்போதும் ஒரே பெயர்தான்: இஸட். இதைக் கேள்விப்பட்டவர்கள், "ஆட்டங்கள் இஸட்டைத்தானே தொடும்? எக்ஸும் ஒய்யும் சும்மா கிடப்பவைதானே?" என்று தீர்மானித்து, இஸட்டை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் தங்கள் சாமானை அடுக்குகிறார்கள். நல்ல புத்திசாலித்தனமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நடப்பது வேறு. பெட்டி எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும், கொடுக்கும்போது அதற்கு இஸட் என்று சீட்டு ஒட்டித்தான் கொடுக்கிறது. இன்றைய ஆட்டத்தின் இஸட் உண்மையில் எக்ஸாக இருக்கும். நாளைய ஆட்டத்தின் இஸட் ஒய்யாக இருக்கும். ஹோட்டலில் யார் வந்தாலும் சர்வர் "ஸார்" என்பது போல. அது ஒரே மனிதரின் பெயர் என்று நினைத்துக்கொண்டால் யார் என்ன செய்வது!

நஷ்டம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. ஏற்கெனவே எக்ஸ் பாகத்தைத் தனக்கென்று வைத்திருந்த பழைய ஆட்டம் ஒன்று மறுபடி வருகிறது. தன் இடம் தனக்குக் காலியாக இருக்கும் என்று நம்பிச் சாமானை இறக்கப் பார்க்கிறது. உள்ளே பார்த்தால் யாருடைய சினிமாவோ காலை நீட்டிப் படுத்திருக்கிறது. ஆட்டம் திணறும்; நடுவில் நிற்கும். பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கினால் அனுபவசாலிகள் முதலில் செய்யும் வைத்தியம் என்ன தெரியுமா? எக்ஸ், ஒய், இஸட் மூன்றையும் அடியோடு துடைப்பது! மாற்று முகப்புகளில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. பெட்டிக்குக் குணமாகிவிடும். சினிமா போனது போனதுதான்.

சினிமாதானே, போனால் போகட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். சினிமாவாக மட்டும் இருந்தால் நானும் இவ்வளவு தூரம் எழுதமாட்டேன்.

2014-ல் ஓர் இளைஞன் எழுதிய சில வரிகள் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. அவனுக்கு நாலு வயதாயிருக்கும்போது அப்பா எக்ஸ்பாக்ஸ் வாங்கி வந்தாராம். இருவரும் சேர்ந்து ஓயாமல் ஆடினார்களாம். ஆறாவது வயதில் அப்பா காலமாகிவிட்டார். பத்து வருஷம் அந்தப் பெட்டியைத் தொட அவனுக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் எடுத்துப் போட்டான். ராலிஸ்போர்ட் சாலஞ்ச் என்று ஒரு கார்ப் பந்தய ஆட்டம். அதில் யார் அதிக வேகமாக ஓட்டினார்களோ, அவர்களுடைய ஓட்டம் பதிவாகி, அடுத்த முறை ஆடும்போது நிழல் மாதிரி ஒரு காராகக் கூடவே ஓடும். ஆவிக் கார் என்றே அதற்குப் பெயர். அவன் ஆடத் தொடங்கியதும் அந்தக் கார் வந்தது. அது அப்பா ஓட்டியது.

அதன் பின் அவன் தினமும் ஆடினான். முதலில் எட்டவே முடியவில்லை; பழகப் பழகப் பக்கத்தில் வந்தான்; ஒரு நாள் முந்தியும் விட்டான். முந்தி எல்லைக் கோட்டைத் தாண்டினால் அவனுடைய ஓட்டம் புதிய பதிவாகிவிடும். அப்பாவின் கார் அழிந்துவிடும். ஆகவே கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்திக்கொண்டான்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன், அந்தக் கார் பத்து வருஷம் எங்கே இருந்தது என்பதுதான். இப்படி ஓர் ஆட்டம் பத்திரப்படுத்தும் பதிவுகளுக்கென்று ஏற்பட்ட இடம் ஈ பாகம். மற்ற ஆட்டங்களுக்கு அதைத் துடைக்கும் உரிமை கிடையாது. நடுவே எத்தனை தட்டுகளைப் போட்டு ஆடியிருந்தாலும் அந்தப் பதிவுக்கு ஒரு பேர், ஓர் இடம், கணக்கில் ஒரு வரி உண்டு. கேஷில் மட்டும் இருந்திருந்தால் அப்பா உயிரோடு இருந்த நாளிலேயே, நாலாவது ஆட்டம் வந்த அன்றைக்கே போயிருக்கும்.

அப்படியானால் கேஷ் பாகத்தைத் தொடவே கூடாதா என்றால், அப்படியும் நான் சொல்லவில்லை. காலி இடத்தைக் கண்டால் பயன்படுத்து என்பது நம் பரம்பரைக் குணம்; பரணைப் பார்த்தாலே தெரியும். ஒரு மென்பொருளை நிறுவும்போது நடுவில் வேண்டியிருக்கும் கோப்புகளை அங்கே இறக்கி, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். ஈ பாகத்தை ஒழுங்குபடுத்தும்போது ஒரு மணி நேரம் சாமானை அங்கே தள்ளி வைக்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் யாரையும் ஆட விடாதீர்கள். கம்ப்யூட்டரில் மூலம் இருக்கிற ஒரு படத்தை இன்று ராத்திரி பார்ப்பதற்காக அங்கே வைத்தால் தவறே இல்லை. போனால் மறுபடி எடுத்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதா என்று மட்டும் வைக்குமுன் பார்த்துவிடுங்கள்.

இடந்தான் வேண்டும் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. உங்கள் பெட்டியில் இருப்பது 10 கிகாபைட் டிஸ்க் என்றால், கம்பெனி தொடாமல் விட்ட சுமார் 2 கிகாபைட்டை எஃப் என்னும் புதிய பாகமாக்கிக்கொள்ள மாற்றிய பெட்டியில் வழியுண்டு. கேஷ் மூன்றும் சேர்ந்தால் கிடைக்கும் இடத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம்; எந்த ஆட்டமும் அங்கே வந்து துடைக்காது. அதுவும் போதாவிட்டால் டிஸ்கையே மாற்றிப் பெரியதாக வைக்கிறார்கள். 137 கிகாபைட் எல்லை வரை எஃப். அதற்கு மேல் இருப்பதற்கு ஜி. ஆனால் ஓர் எச்சரிக்கை. டிஸ்கை மாற்றுகிறவர்கள் வழக்கமாகச் சி-யையும் ஈ-யையும் பிரதி எடுத்துப் புதியதில் வைப்பார்கள். எக்ஸ், ஒய், இஸட்டைப் பிரதி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று வெறுமையாகவே அமைத்துவிடுவார்கள். அங்கே நீங்கள் ஏதோ வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஈ பாகத்தில் இருப்பதும் சிரஞ்சீவி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. மின்சாரத்தைப் பிடுங்கினாலும் சில மணி நேரம் கடிகாரம் நிற்காமல் ஓடுவதற்காக உள்ளே ஒரு சின்ன மின்தேக்கி வைத்திருக்கிறார்கள். கடைசியாக வந்த ரகத்தைத் தவிர மற்றவற்றில் அது வயதான பிறகு கசிந்து பலகையையே அரித்துவிடுகிறது. எடுத்து எறிந்துவிட்டால் பெட்டிக்கு ஒரு குறையும் வராது. போடும்போதெல்லாம் மணி என்ன என்று கேட்கும், அவ்வளவுதான். பலகை போனால் டிஸ்காவது மிஞ்சுமே என்று ஆறுதல் அடையவும் வழியில்லை. ஒவ்வொரு டிஸ்கும் அதனதன் பெட்டிக்கென்று பூட்டப்பட்டது. சாவி பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் இருக்கிறது. அந்தச் சில்லின் பிரதி கைவசம் இல்லாவிட்டால் டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் வாய் திறக்காது.

ஆகவே வீட்டில் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்று இருந்து, அதில் யாருடைய கையோ ஆடிய ஆட்டம் இருக்குமானால், விஷயம் தெரிந்த பிள்ளை ஒருவனைப் பிடித்து மூன்று காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். அந்த மின்தேக்கியை எடுக்கட்டும். சாவிச் சில்லைப் பிரதி செய்யட்டும். ஈ பாகத்தில் யுடேட்டா, டிடேட்டா என்று இரண்டு அடைவுகள் இருக்கும். நெட்வொர்க் கம்பியை மாட்டி அவற்றை அப்படியே கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளட்டும். உள்ளே இருக்கும் பெயர்களெல்லாம் எண்ணும் எழுத்துமாகக் கன்னாபின்னாவென்று இருக்கும். இது ஏதோ குப்பை என்று ஒழித்துவிட வேண்டாம். அந்தப் பெயரை வைத்துத்தான் ஆட்டம் தன் பொருளை அடையாளம் கண்டுகொள்கிறது.

கம்ப்யூட்டரிலிருந்து திரும்பப் பெட்டிக்குள் வைக்கும்போது இன்னொன்று. அந்தப் பெட்டி ஒரு கோப்பின் பெயரில் 42 எழுத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. வீட்டு விசேஷ வீடியோவுக்கு ஆங்கிலத்தில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரி பெயர் வைத்திருந்தால், மண்டபத்தையும் தேதியையும் முதலில் வெட்டிவிடுங்கள்.